நாற்பத்தேழாம் நம்பர் கருப்பன்

மொக்கைச்சாமி சர்க்காருக்குத் தர வேண்டியிருந்த பணம் பதினோரு ரூபாய் ஆறு அணா. இருபத்தாறு ஆடு, ஆட்டுக்கு ஏழு அணா அபராதம். அந்த ஆடுகள் மேய்ந்தது வேறு எங்குமில்லை, அவன் வீட்டு வாசலில்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை இறங்கித் தரையைத் தொடுகிற இடத்தில் அவனுக்கு ஒரு குடிசையும் கிணறும் கொஞ்சம் மானாவாரி நிலமும் இருந்தன. அவன் பாட்டன் காலத்தில் வெட்டின கிணறு அது. குடிசைக்குக் கிழக்கே, கூப்பிடு தூரத்தில், கருப்பசாமி நின்றார். கருப்பன் என்றால் சிலை கிடையாது. கல்லை அடுக்கி மண்ணை அப்பி இடுப்புயரத்துக்குக் கூம்பாக எழுப்பின பீடம். மாசி மாதம் சிவராத்திரிக்கு முன்னால் சுண்ணாம்பு பூசி, காவிப்பட்டை போடுவார்கள். காவி முதல் மழையிலேயே கரைந்துவிடும். வெள்ளை நிற்கும்.

அந்தச் சுண்ணாம்பை வருசா வருசம் கொண்டுபோய்க் கொடுத்தது நான். ராஜபாளையத்துக் காளவாசலில் கல் சுட்டு, தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்பது என் பிழைப்பு. பேர் பிச்சை முகம்மது. மொக்கைச்சாமி என்னை மாப்பிள்ளை என்பான். அவன் பெண்டாட்டி வெள்ளத்தாய் அண்ணே என்பாள். சுண்ணாம்புக்குக் காசு வாங்கினதில்லை. கொடை முடிந்து ஒரு தொடைக்கறி வீடு வந்து சேரும். அறுத்தது யார் என்று பார்த்து, அதை நான் சாப்பிடுவதில்லை; பக்கத்து வீட்டுக்குப் போகும். அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அனுப்புவான்.

எங்கள் காளவாசலில் காட்டிலாகாவும் சுண்ணாம்பு வாங்கும். மலை இதற்கு மேல் சர்க்காருடையது என்று காட்ட, அவர்களும் எல்லை நெடுகக் கல்லைக் கூம்பாக அடுக்கி வெள்ளையடிப்பார்கள். அதற்கு ஜண்டா என்று பேர்.

எல்லையைப் புதிதாக அளக்க ஆட்கள் வந்தது ஒரு பங்குனி மாதம். வெயிலில் மலை தகதகவென்று ஆடிக்கொண்டிருந்தது. நான் சுமை இறக்கிவிட்டு மொக்கைச்சாமி வீட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே மேட்டில் மூன்று கால் வைத்த கண்ணாடி ஒன்றை நிறுத்தி, ஒரு துரை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, அந்தா பாரு. நம்ம கருப்பனத்தான் கண்ணாடி வச்சுப் பாக்கான்."

"எதுக்கு?"

"எதுக்கா? சக்தி இல்லாமலா அம்புட்டுத் தூரத்துலருந்து பாக்கான்?"

வெள்ளத்தாய் உள்ளேயிருந்து, "ஆமா, சீமையிலருந்து கும்பிட வந்திருக்கானாக்கும்" என்றாள்.

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. என் கூடையில் மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கேட்டு வாங்கி, அன்றைக்கே கருப்பனுக்கு இன்னொரு பூச்சுப் பூசினான். துரை பார்க்கிற சாமி மங்கலாகத் தெரியலாமா? மறுநாள் சங்கிலி இழுத்துக்கொண்டு வந்த ஆட்களுக்குக் கூழும் வெங்காயமும் கொடுத்து உபசரித்தான். அவர்கள் குடித்துவிட்டு, கருப்பன் பக்கத்தில் ஒரு சிவப்புக் கொடியை நட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கொடியைக்கூட அவன் சாமிக்குச் சாத்தின துணியாகத்தான் நினைத்தான்.

அவர்கள் தேடி வந்த பழைய ஜண்டா குடிசைக்கு மேற்கே, இண்டம் முள்ளுப் புதருக்குள் பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தது. மேட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிந்த வெள்ளை கருப்பன் ஒன்றுதான். கோடு அங்கே வந்து நின்றது. குடிசையும் கிணறும் ஆடும் கோட்டுக்கு மேற்கே, காட்டுக்குள் போய்விட்டன.

இது தெரிய வந்தது ஐப்பசியில். காட்டிலாகாவில் புதிதாக வந்திருந்த கார்டு உக்கிரபாண்டி, வ. புதுப்பட்டிக்காரர், பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். ஆள் கண்ணில் படுமுன் அவருடைய சீட்டி காதில் விழும். கோபப்படாத மனுஷன். ஆடுகளைப் பவுண்டுப் பட்டியில் அடைக்க ஓட்டும்போதுகூட, "குட்டிய மிதிச்சிராதீகப்பா" என்று ஆட்களிடம் சொன்னார்.

"கார்டையா, இது என் வீடு" என்றான் மொக்கைச்சாமி.

"வீடு ஒன் வீடுதான். நிக்குத எடந்தான் சர்க்காரு எடம்."

"என் பாட்டன் வெட்டுன கெணறு..."

"ஒன் பாட்டனும் ரிசர்வு காட்டுக்குள்ளதான் வெட்டியிருக்கான். அப்போ அவனுக்குத் தெரியல. இப்போ ஒனக்குத் தெரிஞ்சிருச்சு."

ஆடுகளை மீட்க, பதினோரு ரூபாய் ஆறு அணா தருவதாக ஒரு தாளில் கைநாட்டு வைத்தான். ஆடுகள் வந்தன. வந்து நிற்க இடம்தான் இல்லை. வாசலை விட்டு எந்தப் பக்கம் இறங்கினாலும் அபராதம். அந்த மாதமே எல்லாவற்றையும் பாதி விலைக்கு விற்றான். அந்தப் பணத்தில் வீட்டுச் செலவுக்கு வாங்கியிருந்த கைக்கடன் அடைந்தது; சர்க்கார் கடன் அப்படியே நின்றது.

ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டிலாகா ஆபீசுக்கு அவனோடு நானும் போனேன். குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே கேட்டுக்கொண்டார்.

"எல்லை விளம்பரம் பண்ணி மூன்று மாதம் தவணை கொடுத்ததே, அப்போது ஏன் வரவில்லை?"

"எனக்குத் தெரியாதுங்க சாமி."

"கிராமத்தில் தண்டோரா போட்டாயிற்று."

"கிராமம் ரெண்டு மைல்ங்க. என் காதுக்கு எட்டலையே."

"உன் காதுக்கு எட்டாததற்குச் சர்க்கார் என்ன செய்யும்?"

நான் குறுக்கே விழுந்து, "அய்யா, அது ஜண்டாவே இல்ல, சாமி. பழைய ஜண்டா பொதருக்குள்ள கெடக்கு, யாராச்சும் வந்து பாத்தா..." என்றேன்.

குமாஸ்தா இப்போதுதான் நிமிர்ந்தார். "சாமியென்றால் ரிசர்வ் எல்லையில் அனுமதியில்லாமல் கோயில் கட்டியிருக்கிறான் என்று ஆகும். அது வேறு கேஸ். எழுதட்டுமா?"

நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

வீட்டில் வெள்ளத்தாய்தான் வழி சொன்னாள். "அந்தக் கல்லத் தள்ளிப்புட்டா? ஒரு மழைக்கு விழுந்துருச்சும்போம். கோடு தன்னால மேற்க போயிரும். பொறவு நம்ம கையாலயே திரும்பக் கட்டிக்கிடுவோம்."

"ஏட்டி, வாயக் கழுவு."

"கெணறு போகுதே!"

"கருப்பன ஒடச்சிட்டு யாரு காவல்ல இங்க குடியிருக்க?"

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க." நான் என்ன சொல்ல? அவன் சாமி விஷயத்தில் நான் வாய் திறக்கிறதில்லை. அவனும் என் விஷயத்தில் அப்படித்தான்.

யார் காதில் எது விழுந்ததோ, அந்த வாரமே உக்கிரபாண்டி சீட்டியடித்துக்கொண்டு ஒரு கல்தச்சனோடு வந்தார். கருப்பனின் கிழக்கு முகத்தில் ஒரு பலகைக்கல்லைப் பதித்து, 47 என்று வெட்டி, வெட்டின பள்ளத்தில் தாரை ஊற்றினார்கள். உளி விழும்போதெல்லாம் மொக்கைச்சாமியின் தோள் துள்ளியதை நான் பார்த்தேன்.

"இனிமே இதுல ஒரு கல்லு பேந்தாலும் ஆறு மாசம் செயிலு" என்றார் கார்டு. "நாய் வந்து ஒடச்சாலும் நீதான்."

தை பிறக்குமுன் குடிசையைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். கம்பையும் ஓலையையும் சுமந்துகொண்டு ராஜபாளையம் வந்து, காளவாசலுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டார்கள். வெள்ளத்தாய் கல் உடைக்க வந்தாள். மொக்கைச்சாமி சூளைக்கு விறகு போட்டான். அந்த விறகுக்கும் காட்டிலாகா சீட்டு வேண்டும் என்று அதற்குள் உத்தரவு வந்திருந்தது.

மாசி நெருங்க நெருங்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "கருப்பன் வெள்ளையில்லாம நிப்பானே மாப்ளே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கடைசியில் நேரே உக்கிரபாண்டியிடம் போய் நின்றான். அவர் மீசையைத் தடவிவிட்டுச் சிரித்தார்.

"நல்ல நேரத்துல வந்தே. நாப்பதுலருந்து அம்பது வரைக்கும் ஜண்டாவுக்கு வெள்ளையடிக்க ஆளு வேணும். கூலி ரெண்டே கால் ரூவா. கையில தர மாட்டாவ, ஒன் கடன்ல கழிப்பாவ. கடன் தீருத மட்டும் மாசிக்கு மாசி நீ வரலாம்."

அப்படித்தான் மொக்கைச்சாமி தன் சாமிக்குச் சர்க்கார் கூலியாளாக வெள்ளையடித்தான். சுண்ணாம்புப் பானையோடு நான் கூடப் போனேன். முதல் வருசம் வெள்ளத்தாயும் வந்தாள். பொங்கல் வைத்தார்கள், சேவல் அறுத்தார்கள். உக்கிரபாண்டி ஒரு கல்லில் உட்கார்ந்து பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, "அடுத்த வருசம் தீ கூடாது. மாசியிலருந்து காட்டுல தீக்குச்சி கிழிச்சாலே கேசு" என்றார்.

மறு வருசம் பொங்கல் இல்லை. சூடத்தை மட்டும் உள்ளங்கையில் மறைத்துக் கொளுத்தினான். புதருக்கு அந்தப் பக்கம் சீட்டி கேட்டதும் கையை மூடிக்கொண்டான். கருகின வாசம் எனக்கு வந்தது, கார்டுக்கும் வந்திருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது, "வார வருசம் இரும்பு ஆகாது. அருவாளும் கத்தியும் கோட்டுக்கு வெளியிலேயே வச்சிட்டு வரணும். பொம்பளையாளும் வேண்டாம். கூலிக்கு ஒரு ஆளு, சுமைக்கு ஒரு ஆளு, அம்புட்டுத்தான்" என்றார்.

மூன்றாம் வருசம் சேவலும் இல்லை, வெள்ளத்தாயும் இல்லை. அவள் கோட்டுக்கு வெளியே, பனைமரத்தடியில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே போனால் கிணற்றில் யாரோ முள்ளை வெட்டிப் போட்டு மூடியிருந்தார்கள். அடுப்பு இருந்த இடத்தில் முழங்காலுயரம் புல். கார்டு தேங்காயை வாங்கிப் பார்த்து, "இத ஓடைப் பக்கம் போயி ஒடச்சிக்கோ. ஜண்டா முன்னால சாமி கும்பிட்டதா ரேஞ்சர் காதுக்குப் போனா என் வேல போயிரும்லே" என்றார். அதைச் சொன்ன விதத்தில் உண்மையான பயம் இருந்தது. அவருக்கு மேலேயும் ஒரு சீட்டி கேட்டுக்கொண்டிருக்கிறது போல.

வெள்ளையடிப்பது ஒன்றுதான் மிச்சம். ஆனால் அதை யாரும் பிடுங்க முடியாது என்று மொக்கைச்சாமி நம்பினான். திரும்பி வரும் வழியெல்லாம் கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். "இன்னும் நாலு ரூவா பத்தணா கெடக்கு மாப்ளே. ரெண்டு மாசி நிச்சயம். மூணாவதுக்கும் ரெண்டணா மிஞ்சும். ரெண்டணாவுக்கும் ஒரு நா உள்ள விடத்தான செய்யணும்?" கடன் குறைகிறதே என்று கவலைப்பட்ட ஒருவனை நான் பார்த்தது அப்போதுதான்.

நாலாம் மாசியில் மற்ற ஜண்டாக்களை முடித்துவிட்டுக் கருப்பனிடம் வந்தோம். எப்போதும் அவன் வீட்டுப்பக்கமிருந்து, மேற்கு முகத்திலிருந்துதான் தொடங்குவான். உதடு மட்டும் அசைய, மட்டையை இழுத்து இழுத்துப் பூசினான். பாதி முடியுமுன் சீட்டி கேட்டது.

"மொக்கை, மட்டைய வையி. ஒனக்கு நல்ல சேதி."

அவன் பூசிக்கொண்டே நின்றான்.

"புது ராசாவுக்கு டில்லியில பட்டம் கட்டியாச்சுலே. அந்தச் சந்தோசத்துல சில்லறப் பாக்கியெல்லாம் தள்ளுபடி. ஒன் நாலு ரூவா பத்தணா போச்சு!"

மட்டை நின்றது. "எனக்கு வேண்டாங்கய்யா."

"எது வேண்டாம்?"

"தள்ளுபடி. நான் வேல செஞ்சே கழிக்கேன்."

"ஏலே, கிறுக்குப் பயலே. ராசா குடுக்கத வேண்டாம்பியா?"

"கடன் இல்லாட்டி நான் உள்ள வரலாமா?"

கார்டு சிரிப்பை நிறுத்தினார். "கடன் இல்லாட்டி ஒனக்கு இங்க என்ன சோலி?"

"அப்போ இன்னிக்கு ஒரு ஆட்ட உள்ள விட்டேன்னு எழுதிக்கிடுங்க. பத்து ஆடுன்னு எழுதுங்க. கைநாட்டு வைக்கேன்."

"ஆடு எங்கலே இருக்கு ஒனக்கு?"

காற்று நின்றுபோயிருந்தது. கார்டு பையிலிருந்து தாளையும் மைக்கூட்டையும் எடுத்துக் கருப்பனின் தலைமேல் வைத்தார். "பிச்ச, நீதான் இப்போ எழுத்துப் படிச்சிருக்கியாமே. வாசிச்சுச் சொல்லி, சாட்சிக் கையெழுத்தப் போடு."

எழுத்துக்கூட்டி வாசித்தேன். பாக்கி இல்லை என்று இருந்தது. இனி மேற்படியான் மேற்படி ரிசர்வுக்குள் பிரவேசிக்க முகாந்திரம் இல்லை என்றும் இருந்தது. அந்த இரண்டாவது வரியை வாசிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது.

அவன் கையை நீட்டவில்லை. உக்கிரபாண்டியே அவன் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கினார். விரலெல்லாம் சுண்ணாம்பு; மை ஒட்டாமல் திரிந்தது. தன் தோள் துண்டால் அந்த விரலைத் துடைத்தார், பிள்ளைக்கு மூக்குத் துடைப்பது போல மெதுவாக. மறுபடி வைத்தார். பதிந்தது. கீழே நான் பேர் எழுதினேன்.

"மீதிய ஒரு பூச்சுப் பூசிட்டுப் போயிருதேங்கய்யா."

"வேண்டாம். கூலி இல்லாம வேல வாங்கப்படாது, அதுக்கும் ரூல் இருக்கு. நாளைக்கு வேற ஆளு வருவான்."

பானையைத் தூக்கிக்கொண்டு கிழக்கே நடந்தோம். கார்டு பின்னாலேயே கோடு வரை வந்தார். பனைமரத்தடியில் வெள்ளத்தாய் எழுந்து நின்றாள். மொக்கைச்சாமி திரும்பிப் பார்த்தான். அவன் பூசின வெள்ளை அந்தப் பக்கம் இருந்தது. எங்களுக்குத் தெரிந்தது பழைய அழுக்கும் கறுப்பில் ஒரு நாற்பத்தேழும்.

"என்னாச்சு?" என்றாள் வெள்ளத்தாய்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற உக்கிரபாண்டிதான் பதில் சொன்னார்: "கடன் தீந்துபோச்சு தாயி. கூட்டிட்டுப் போ."