இக்கரைக்கு மட்டும் அறிவிப்பு

1

அன்று பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தவர்கள்: பாலத்தை இடித்துக் கட்டப்போகும் இஞ்சினியர். ஆற்றோர வரிசை வீடுகளிலிருந்து பத்துப் பதினைந்து பேர். தன் கடைக்குச் சரக்கு வண்டி எப்படி வரும் என்று கேட்க மட்டும் வந்திருந்த மருந்துக்கடைக்காரர். அவருடைய நாய். கடைசி பெஞ்சில், முழங்கால் மடங்காததால் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்த தையல்காரம்மா. துண்டறிக்கைக் கட்டோடு கதவருகே நான்.

கதை அந்த அறையில்தான் பிறந்தது. அதை மறைத்துவிட்டு, "ஆற்றின் மேல் பனி படர்ந்திருந்த ஒரு காலையில்" என்று இரண்டு முறை தொடங்கிப் பார்த்தேன். பனியெல்லாம் இல்லை. புழுக்கம். தையல்காரம்மா கை தூக்கினார்.

"இதெல்லாம் அந்தக் கரைக்கும் சொல்லுவீங்களா?"

"அது வேற நகராட்சிம்மா. அவங்க ஆளுங்க சொல்லிக்குவாங்க," என்றார் இஞ்சினியர்.

"என்னன்னு?"

"சத்தம் வரும், பாலம் மூடியிருக்கும்னு."

"எங்க வீடெல்லாம் காலியா இருக்கும்னு?"

"அது அவங்களுக்கு எதுக்கும்மா?"

நாய் கொட்டாவி விட்டது. கூட்டம் முடிந்தது.

2

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தூண் இறக்கும்போது நிலம் அதிரும். அதனால் ஆற்றோர வரிசைக்காரர்கள் மூன்று மாதம் விடுதியில் தங்க வேண்டும். இதை வீடு வீடாகப் போய் வாயால் சொல்ல வேண்டும். தாளைக் கதவிடுக்கில் செருகினால் போதாது. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டும். அதுதான் எங்கள் முறை. இதற்கு முன் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்து, பாதியில் விட்டுவிட்டு வந்தவன் நான். பகலில் மனிதர்கள் இவ்வளவு பேசுவார்கள் என்பதே மறந்துபோயிருந்தது.

தையல்காரம்மா சரியாகத் திருப்பிச் சொன்னார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பணும். கரண்ட் இருக்காது. பாலத்துல நடக்கவும் முடியாது. போதுமா வாத்தியாரே?"

போதும். நான் கிளம்பியிருக்கலாம். அவர் சன்னலைக் காட்டினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, ஒரு மாடி வீட்டுச் சன்னல்.

[இங்கே ஆற்றை வர்ணித்து ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். ஆறு ஆறு போலத்தான் இருந்தது.]

"எங்க அக்கா. பேச்சு கிடையாது. லைட்டு மட்டும்தான்."

இருட்டினால் இவர் சமையலறை விளக்கைப் போடுவார். சற்று நேரத்தில் அங்கே ஒன்று எரியும். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. வருடக்கணக்காக அப்படித்தான். ஒரு நாள் அங்கே எரியவில்லை. தையல்காரம்மா அந்த முழங்காலோடு பாலத்தைக் கடந்து, மாடிப்படி ஏறி, கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே இருமல் கேட்டது. உயிரோடுதான் இருக்கிறாள் என்று திரும்பிவிட்டார்.

"தட்டியிருக்கலாமே?"

"இருமுறவளைப் போய் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

"இப்பவாவது ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்களேன்."

"நானா? முதல்லயா?" ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார்: "அவளுக்கு நெஞ்சுல கோளாறு. இங்க இருட்டா இருந்தா பதறிப்போய்க் கிளம்பிடுவா. பாலம் இருக்காது. சுத்துவழி எவ்வளவு தூரம்னு உனக்கே தெரியும். நடுவழியில எங்கயாவது விழுந்து கெடந்தா? நீ போய்ச் சொல்லிடு தம்பி. நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லாதே."

* அந்தக் கரைக்கு நான் போகக் கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை, உத்தரவு. மீறினால் வேலையைப் பறிக்க அது போதும்.

3

சண்டை எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "பாலம் இடிக்கிறவனுக்கு அது எதுக்கு?" என்றார் தையல்காரம்மா.

சொத்துத் தகராறு என்று எழுதினேன். இருவருக்கும் சொத்தே இல்லை. ஒரே ஆளை இருவரும் விரும்பினார்கள் என்று எழுதினேன். இதைப் படித்தால் இரண்டு பேரும் சேர்ந்து வந்து என்னை அடிப்பார்கள். அதுவும் ஒரு சமாதானம்தான். நீக்கிவிட்டேன். அவர்களுக்குள் நடந்தது என்னவென்றால்

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு உரிமை இல்லை. இப்படியே கிடக்கட்டும்.

எனக்கு நம்பிக்கை இல்லாத பாத்திரம் வேறு: உத்தரவை மீறிப் பாலத்தைக் கடக்கிற ஆள், அதாவது நான். முதல் வரைவில் அவன் மனம் இளகிப் போனான். பொய். அன்று வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. அறைக்குப் போனால் சுவரைத்தான் பார்க்க வேண்டும். அதனால் போனான்.

4

அக்காக்காரி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கதவைத் திறந்ததும் என் ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தார்.

"எங்க ஆளுங்க பச்சையில்ல போடுவாங்க? வழி தப்பி வந்துட்டியா?"

"ஆற்றோர வசிப்பாளர்களின் தற்காலிக இடமாற்றம் தொடர்பா..."

"சுத்தாதே. எங்க ஏறணும், எங்க இறங்கணும், அதை மட்டும் சொல்லு."

சொன்னேன். "எதிர்க்கரையில வரிசை முழுக்கக் காலி பண்றாங்க. வெள்ளிக்கிழமையிலேர்ந்து அங்க லைட் எரியாது. மூணு மாசம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. வேலைக்காகத்தான்."

"அங்க எரிஞ்சா எனக்கென்ன, எரியாட்டி எனக்கென்ன?"

"திருப்பிச் சொல்லணும்மா. அதான் முறை."

"ஊருக்கே ஸ்டாப்பிங் சொன்னவகிட்டயா?" என்றாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கடைசி சீட்டுக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தார். "எதிர்க்கரை காலி. வெள்ளிக்கிழமையிலேர்ந்து லைட் எரியாது. மூணு மாசம்." குரல் அங்கே இறங்கியது. "அவளுக்கு ஒண்ணும் ஆகல."

நான் "யாருக்கும்" என்றுதான் சொல்லியிருந்தேன். திருத்துவது என் வேலை. திருத்தவில்லை.

"எங்க தங்க வைக்கிறீங்க?"

"விடுதியில. மூணாவது மாடி. லிஃப்ட் இருக்கு."

"ஓடுதா?"

எனக்குத் தெரியவில்லை.

"தெரியாதா? அப்புறம் என்னத்தை அறிவிக்கிற நீ? அந்த முட்டியை வச்சுக்கிட்டு அவ எப்படி..." நிறுத்திக்கொண்டார்.

"முட்டி விஷயம் உங்களுக்கு எப்படி..."

"அன்னைக்குப் படியேறி வந்து நின்னுட்டுப் போனாளே. ஒரு காலை இழுத்து இழுத்து. கூடப் பொறந்தவ நடை தெரியாதா எனக்கு? தட்டுவான்னு பாத்தேன். திமிரு."

"நீங்க திறந்திருக்கலாமே?"

"தட்டாத கதவை யாருடா திறப்பா?" என்றார். என் முகத்துக்கு நேரே சாத்தினார்.

5

முடிவு ஒன்று: அக்கா வரவில்லை. மூன்று மாதம் கழித்து இரண்டு விளக்கும் மறுபடி எரிகின்றன. இது நேர்த்தியான முடிவு. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: அக்கா போன் செய்கிறார், இருவரும் அழுகிறார்கள். எழுதும்போதே கூச்சமாக இருந்தது. பாதியில் எழுந்து முகம் கழுவப் போய்விட்டேன்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை. வரிசையில் மற்ற வீடுகள் காலி. தையல்காரம்மா மட்டும் தையல் மெஷினைப் போர்வையால் மூடிக்கொண்டிருந்தார். பாலத்து நடைபாதையை அடைக்க இஞ்சினியர் தடுப்பை இழுத்து வந்தார். எதிரே ஒரே ஒரு ஆள், பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு, நடுவில் நின்று மூச்சு வாங்கி வாங்கி வந்துகொண்டிருந்தார்.

"மூடப்போறோம்மா. இந்தப் பக்கம் வந்தா திரும்பிப் போக முடியாது," என்றார் இஞ்சினியர்.

அக்காக்காரி என்னைப் பார்த்தார். "திருப்பிச் சொல்லணுமா? இந்தப் பக்கம் வந்தா திரும்பிப் போக முடியாது. ஏர்றவங்களுக்கு வழி விடுப்பா."

(முதல் வரைவில் இஞ்சினியரை வில்லனாக வைத்திருந்தேன். ஆனால் அவர் தடுப்பைப் பூட்டவில்லை. அளவு டேப்பைக் காணோம் என்று பாலம் முழுக்கத் தேட ஆரம்பித்தார். டேப் அவர் இடுப்பில்தான் தொங்கியது. யாரும் சொல்லவில்லை.)

அக்கா கதவைத் தட்டினார். திறந்தது.

"விடுதிக்குப் போன் போட்டுக் கேட்டேன். லிஃப்ட் ஓடல."

"எனக்குப் போட மாட்டே, விடுதிக்குப் போடுவே."

"உள்ள வரவா, இங்கயே நிக்கவா?"

"வழியில நிக்காதே. கொசு வருது."

6

தையல்காரம்மாவை அக்கா தன் வீட்டுக்கு அழைத்துப் போக வந்தாரா, டேப் கிடைக்கும் முன் இருவரும் பாலத்தைக் கடந்துவிடுவார்களா? இல்லை, இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே மூன்று மாடி ஏறுவார்களா? பழைய சண்டையையே விட்ட இடத்திலிருந்து தொடர்வார்களா? எனக்குத் தெரியாது. உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். "வரிசை காலியா?" என்று வாக்கிடாக்கி கேட்டது. நான் போய்த் தட்டி அவர்களை வெளியே வரச் சொல்ல வேண்டும். நீங்களாக இருந்தால் தட்டியிருப்பீர்களா?

அதற்கு முன் நான் பார்த்தது இவ்வளவுதான்: நான் வாசலில் நின்றேன். அக்கா உள்ளே காலை வைத்தார். அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் விழுந்தது, அதற்கு மேல் சாவியும் ஒரு சுற்றுத் திரும்பியது.