ஐயா உபவாசத்தில் இருக்கிறார்

“எலியா சாப்பிட்டு முடிச்சதும் அந்தப் பாத்திரத்த யாரு கழுவுனாங்க?”

ஞாயிறு பள்ளியில் ஒரு சிறுமி எப்போதோ கேட்ட கேள்வி அது. வனாந்தரத்தில் ஒரு செடியின் நிழலில் சோர்ந்து விழுந்து, போதும், என்னை எடுத்துக்கொள்ளும் என்று தீர்க்கதரிசி எலியா கேட்டதையும், தேவதூதன் வந்து அவரைத் தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்ததையும் போதகரின் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மதியச் சாப்பாட்டின்போது கணவரிடம் அதை அப்படியே ஒப்பித்தாள்.

“வேதத்துல அதப் பத்தி ஒண்ணும் எழுதலயே” என்றார் போதகர்.

“எழுதணுமாக்கும்? சமைச்சவங்கதான் கழுவியிருப்பாங்க. வேற யாரு கழுவப்போறா?” என்று அவருடைய தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது அவள் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள். அந்த நாட்களில் ஆராதனையில், எலியாவின் வாழ்விலிருந்து, கடவுளுக்கு உண்மையுள்ளவனாயிருப்பது பற்றி வாராவாரம் பேசிவந்தார் போதகர். ஆற்றங்கரைக் காகங்கள், விதவையின் மாப்பானை, மலைமேல் இறங்கிய அக்கினி எல்லாம் முடிந்திருந்தன. அடுத்தது வனாந்தரம். அதற்கான குறிப்பை எழுத உட்கார்ந்த அன்றுதான் அவள் உள்ளறையிலிருந்து கூப்பிட்டாள்.

மகன் வந்தான், சில நாள் இருந்தான், வேலை இருக்கிற ஊருக்குத் திரும்பிப் போனான். அவன் போனபின் போதகருக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றவில்லை. பசி எடுக்கவில்லை என்பதைவிட, பசித்தால் என்ன என்றிருந்தது. சபையார் கொண்டுவந்து வாசலில் வைத்த சாப்பாட்டு அடுக்குகள் வைத்தபடியே இருந்தன. ஒருநாள் காலை கட்டிலிலிருந்து எழப் பார்த்தவர் கால் நிற்காமல் தரையில் சரிந்தார். மண்டியிட்ட நிலையில், தலையைக் கட்டில் விளிம்பில் சாய்த்து, அப்படியே கிடந்தார்.

அதே நேரத்தில்தான் சபைச் செயலாளர் படியேறி வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வாசலில் தொடாத சாப்பாடு. உள்ளே முழங்காலில் போதகர். செயலாளரின் கண்கள் கலங்கிவிட்டன. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் இறங்கிப் போனார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. உபவாசம் இருப்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. எத்தனை நாள், எதற்காக என்று விசாரிப்பதும், கதவைத் தட்டுவதும், சாப்பாட்டைக் கண்ணில் காட்டுவதும் அவருக்கும் கடவுளுக்கும் நடுவில் போய் நிற்பதற்குச் சமம் என்று நினைத்தார்கள். அன்று மாலைக்குள் சேதி வீடு வீடாகப் போய்விட்டது. ஐயா உபவாசத்தில் இருக்கிறார். மறுநாளிலிருந்து வாசலில் சாப்பாட்டு அடுக்கு இல்லை. தொலைபேசி அடிக்கவில்லை. அந்த வீட்டைக் கடந்து போகிறவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். மனைவியைப் பறிகொடுத்த மனுஷனை அன்பின் மிகுதியால் அத்தனை பேரும் சேர்ந்து தனியே விட்டார்கள்.

போதகர் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கடை இருந்தது. கடைக்குப் பின்னறையிலேயே குடியிருந்த கடைக்காரரை எல்லாரும் மெஷின்காரர் என்பார்கள். சபைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஞாயிறு காலைகளில் பக்கத்து ஆலயம்வரை கேட்கும்படி அவர் போடும் சத்தத்தால் மனஸ்தாபம்தான் உண்டு; சபையார் புகார்கூட எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் ஒருநாள் கதவைத் தட்டவில்லை, இடித்தார்.

“சார், உயிரோட இருக்கீங்களா இல்லயா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

போதகர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து தாழ்ப்பாளை நீக்கினார். மெஷின்காரரின் கையில் ஒரு கிண்ணம் சூப், அதன்மேல் இரண்டு ரொட்டித் துண்டுகள்.

“உங்க சமையக்கட்டுக் குழா என் கடைச் செவுத்துக்குள்ளதான் இறங்குது. அம்மா இருந்தவரைக்கும் காலையில சலசலன்னு ஓடும். இப்ப ஒரு சொட்டு சத்தம் இல்ல. தட்டு கழுவாத வீட்டுல யாரு சாப்பிடுறாங்க? உக்காருங்க.”

“எனக்கு வேண்டாம்ப்பா.”

“வேணுமான்னு நான் கேக்கவே இல்லயே சார்.”

போதகர் உட்கார்ந்தார். ஒரு ரொட்டித் துண்டை சூப்பில் முக்கி வெகுநேரம் மென்றார். மெஷின்காரர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் தன்னை ஏமாற்றிய கதையை, நடுநடுவே வாயில் வந்தபடி திட்டி, பிறகு போதகர் வீடு என்று நினைவுவந்து நாக்கைக் கடித்துக்கொண்டு, முழுதாகச் சொல்லி முடித்தார். அதற்குள் கிண்ணம் காலியாகியிருந்தது. அவரே அதைச் சமையலறைக்குக் கொண்டுபோனார். குழாயைத் திறந்துவிட்டு, வேண்டிய அளவுக்கு மேலேயே தண்ணீரை ஓடவிட்டுக் கழுவினார். உள்ளே அந்தச் சத்தம் கேட்டதும் போதகர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அடக்கம் முடிந்த நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

மெஷின்காரர் தினமும் வந்தார். நன்றி சொன்னால் முறைத்தார். “மிஞ்சினதக் கொண்டாந்தேன். இதுக்குப் போயி...”

சனிக்கிழமை காலை போதகரே செயலாளருக்குத் தொலைபேசியில் பேசி, நாளை ஆராதனைக்கு வருவதாகச் சொன்னார்.

“ஐயா, அன்னிக்கு ஜன்னல் வழியா உங்கள முழங்கால்ல பாத்துட்டு, செருப்பக் கையில எடுத்துக்கிட்டு சத்தமில்லாம இறங்கி வந்துட்டேன். உங்க உபவாசம் சபையவே எழுப்பிடுச்சு. எவ்வளவு பேரு உங்ககூட சேர்ந்து இருக்காங்க தெரியுமா? எங்கக்காவப் பாருங்க. சக்கர வியாதிக்காரி. தைக்கிற மெஷின்மேலயே நேத்து மயங்கி விழுந்துட்டா. சாப்பிடுக்கான்னா, ஐயாவே சாப்பிடாம இருக்காரு, நான் சாப்பிடவான்னு கேக்குறா.”

போதகர் நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் எப்ப...” என்று தொடங்கி நிறுத்தினார். “அக்காவ உடனே சாப்பிடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

“சொல்லிப் பாக்குறேங்கையா. நீங்க கருணையில சொல்றீங்கன்னுதான் நெனப்பா.”

அன்று பகல் முழுவதும் அவர் குறிப்பு எழுதிக் கிழித்தார். பொய் எதுவும் அவர் சொல்லவில்லைதான். சும்மா இருந்தால் போதும். இத்தனை வருட ஊழியத்தில் கிடைக்காத மரியாதை தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது. உபவாசத்தை முடித்துவிட்டேன், நீங்களும் முடியுங்கள் என்று ஒரு வரி சொன்னால் அக்காவும் பிழைத்துக்கொள்வாள், சபையும் மகிழும். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அடுத்த முறை யாராவது ஒருவர் அதேபோல் கட்டிலோரம் சரிந்து கிடந்தால், செயலாளர் மறுபடியும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போவார்.

ஞாயிறன்று ஆலயம் நிரம்பியிருந்தது. அவர் உள்ளே வந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். அப்படி ஒருபோதும் நின்றதில்லை. மூன்றாம் வரிசையில் செயலாளரின் தையல்கார அக்கா வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

“எலியாவப் பத்திப் பேசிட்டு வந்தோம்” என்று தொடங்கினார். “அக்கினிய இறக்கினவர் கொஞ்ச நாள்லயே ஒரு செடி நிழல்ல படுத்துக்கிட்டு சாகணும்னு கேட்டாரு. அவர் அங்க உபவாசம் இருக்கல. ஓஞ்சு போயிருந்தாரு. நானும் உபவாசம் இருக்கல. எனக்கு ஜெபம்கூட வரல. நீங்க என்னை முழங்கால்ல பாத்தப்போ நான் விழுந்து கிடந்தேன். என்னை எழுப்பிச் சாப்பிட வச்சது, நாம யாரப் பத்திப் புகார் எழுதிக் குடுத்தோமோ, அந்தக் கீழ்வீட்டுக்காரர். எலியாவ ஆண்டவர் திட்டல. சாப்பாடு அனுப்பினாரு, தூங்க விட்டாரு, மறுபடியும் சாப்பாடு அனுப்பினாரு. அங்க உண்மையுள்ளவரா இருந்தது எலியா இல்ல, ஆண்டவர்தான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். சிலருடைய முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. அப்போது மூன்றாம் வரிசையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் பிரிபடும் சத்தம். தையல்கார அக்கா, ஆராதனை நடுவிலேயே, அழுதுகொண்டே தின்றாள்.

வெளியே வந்ததும் செயலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஜன்னல் வழியாப் பாத்துட்டுப் போயிட்டேங்கையா. ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்.” போதகர் அந்தக் கையை விடாமல் பிடித்தபடி நின்றார். சிலர் அவரிடம் சொல்லாமலே கிளம்பிப் போனார்கள்.

மழைக்காலம் வந்தது. பாரம் தூக்கித் தூக்கி மெஷின்காரருக்குக் குடல் இறங்கிவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் போனார். கடை மூடிக் கிடந்தது. அவர் வீடு திரும்பும் நாளன்று விடிந்ததும் போதகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். கடை வாசல் படிகளில் மழையீரம் தங்கிப் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. தையல் போட்ட வயிற்றோடு கால் வைக்கிறவன் வழுக்கினால் தாங்கமாட்டான். தெருவில் ஒருவரும் இல்லை. அவர் முழங்காலிட்டு, முதல் படியிலிருந்து தேய்க்கத் தொடங்கினார். நார் கருத்தது, விரல் நுனி தோல் உரிந்தது. கடைசிப் படியில் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஒரு காலைத் தானே வைத்து அழுத்திப் பார்த்தார். வழுக்கவில்லை.

தெருமுனையில் வண்டி திரும்பும் ஓசை கேட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார். கழுவிய சிமெண்டின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய ஈரக் கால்தடங்கள் கீழிருந்து ஒவ்வொன்றாக உலர்ந்து மறைந்தன.