ஒரே வீட்டில் இரண்டு முதல்வர்கள்

நகரத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வருவதற்கு முன்னால் அங்கே இரண்டு கல்லூரிகள்தான் இருந்தன. ஆற்றுக்கு இந்தக் கரையில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, அந்தக் கரையில் தொழில்நுட்பக் கல்லூரி. முதலாவதற்கு அவள் முதல்வர். இரண்டாவதற்கு அவள் கணவர். ஊரில் அவளை டீச்சர் என்றும் அவரை இன்ஜினியர் என்றும்தான் சொல்வார்கள்.

இரண்டையும் இணைத்து மாநகராட்சியே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கும் என்று மேயர் அறிவித்ததும், அந்த வீட்டில் சண்டை வெடிக்கும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். துணைவேந்தர் நாற்காலி ஒன்றுதானே! நாத்தனார் போன் போட்டே கேட்டுவிட்டாள்: "யாருக்கு அண்ணி கிடைக்கும்? உங்களுக்கா, அண்ணனுக்கா?"

சண்டை வந்தது. நாற்காலிக்காக இல்லை, இடத்துக்காக.

இன்ஜினியர் கண் வைத்திருந்தது ஊருக்கு வெளியே பாழடைந்து கிடந்த பழைய விமானத்தளத்தின் மேல். பட்டறை, ஆய்வுக்கூடம், விடுதி, மைதானம் எல்லாம் ஒரே வளாகத்தில். அதற்கு ஒட்டுப்பலகையில் மாதிரி செய்து சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பிவிட்டார். அவர், அவள், பள்ளியில் படிக்கும் மகள் மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். பஞ்சை வெட்டிப் பச்சைச் சாயம் தோய்த்து, மரம் மரமாக ஒட்டிக்கொடுத்தது டீச்சர்தான். ஒட்டிக்கொண்டே கேட்டாள்:

"என் மாணவர்கள்ல பாதிப் பேரு வேலை முடிச்சுட்டு சாயங்காலம் வர்றவங்க. அவ்வளவு தூரம் எப்படிங்க வருவாங்க?"

"பஸ் விடுவாங்க."

"விடுவாங்க, விடுவாங்க. அதுக்குள்ள அவங்களுக்கெல்லாம் தலை நரைச்சுடும்."

நகர நடுவில் மூடிக்கிடந்த பழைய மொத்தச் சந்தைக் கட்டடமே போதும் என்பது அவள் எண்ணம். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மாநகராட்சிக் கூட்டத்தில் மாதிரியை நடுவில் வைத்து அவர் பிரமாதமாகப் பேசினார். உறுப்பினர்கள் எழுந்து வந்து மரங்களைத் தொட்டுப் பார்த்தார்கள். முடிந்ததும் மேயர் ஒரு மரியாதைக்கு, "டீச்சர், நீங்களும் ஏதாவது சொல்றீங்களா?" என்றார். ஒன்றுமில்லை என்று தலையாட்டியிருக்கலாம். அவள் எழுந்தாள்.

"நல்ல திட்டம். மரமெல்லாம் நான் ஒட்டினதுதான்" என்றாள். கூட்டம் சிரித்தது. "ஆனா துணிக்கடையில நாள் பூரா நிக்கிற பொண்ணுக்கும், ஆஸ்பத்திரியில வேலை பாக்கிறவருக்கும் அந்த இடம் வேற ஊரு மாதிரி. நகரத்தோட பல்கலைக்கழகம்னு பேரு வச்சா, அது நகரத்துக்குள்ள இருக்கட்டும்."

இன்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை. வாக்கெடுப்பில் சந்தைக் கட்டடம் மயிரிழையில் ஜெயித்தது. பழைய கட்டடத்தை மாற்றி அமைக்கக் கட்டத் தெரிந்தவர்தான் வேண்டும் என்று, அதே கூட்டத்தில் துணைவேந்தர் பதவியை இன்ஜினியருக்குக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"நாலு பேரு நடுவுல மானத்தை வாங்கிட்ட."

"ஒட்டும்போதே சொன்னேனே. நீங்கதான் கேக்கல."

"பிடிக்காத இடத்துல நான் எதைக் கட்டுறது? எனக்கு இந்தப் பதவியே வேண்டாம்."

"அப்போ எனக்கு விட்டுக்குடுங்க."

வாய் தவறி வந்ததுபோல்தான் இருந்தது. ஆனால் அந்த நாற்காலி மேல் தனக்கும் ஆசை இருந்தது என்று அவளுக்கே அப்போதுதான் விளங்கியது. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் காலையில் பதவியை ஏற்பதாக மேயருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பேச்சை அவளும் பிறகு எடுக்கவில்லை. மாலைநேரப் பிரிவை எடுத்துக்கொண்டாள்.

மழை வந்தால் சந்தைக் கட்டடத்தில் முன்பு விற்ற மீனின் வாசம் கிளம்பும். ஆனாலும் மாலை வகுப்பில் இடம் கிடைக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினார்கள். பக்கத்துத் திரையரங்கு மூடப்பட்டதும் அது பெரிய வகுப்பறையாயிற்று. இன்ஜினியர் முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினார், ஆனால் நன்றாகக் கட்டினார்.

ஆய்வுக்கூடம்தான் ஒத்துவரவில்லை. பின்னால் ரயில் போகும்போதெல்லாம் தராசு முள் நிலைகொள்ளாமல் ஆடியது. ஆய்வுக்கூடத்தை மட்டும் விமானத்தளத்துக்கு மாற்றலாம் என்று அவர் ஆட்சிக்குழுவில் சொன்னபோது, முதலில் கை தூக்கியவள் டீச்சர்.

"இதுக்கு மட்டும் தூக்கிட்ட?" என்றார், வெளியே வரும்போது.

"சரின்னு பட்டுச்சு, தூக்கினேன்."

அந்த ஆண்டு மகள் பள்ளியை முடித்தாள். வெளியூரில் படிக்கப் போகிறேன் என்றாள். இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

"நாங்க இவ்வளவு பாடுபட்டு இங்க ஒண்ணு கட்டி வச்சிருக்கோம்!" என்றார் அவர்.

"அதான்ப்பா பிரச்சினை. இங்க வகுப்புக்கு மட்டம் போட்டா, சாப்பிடும்போது ரெண்டு பேரும் விசாரிப்பீங்க."

டீச்சர் மாலை வகுப்பின் பெருமையைச் சொன்னாள். இன்ஜினியர் புது ஆய்வுக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். ஒருவர் பேச்சை மற்றவர் முடித்துவைத்தார். மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே பெட்டி கட்டினாள். ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது, அவளுக்கு வகுப்பு. இருவரும் சந்தைக் கட்டடத்துக்கு ஒன்றாகவே நடந்தார்கள்.