இடப்பக்கப் பின்சீட்டு

காரில் இருந்தவர்கள்: ஸ்டியரிங்கில் மாமா சாமிநாதன். அவர் பக்கத்தில் என் அக்கா வித்யாலட்சுமி. பின்சீட்டில் வலப்பக்கம் அவர்களுடைய மகள் லாவண்யா, ஆறு வயது. இடப்பக்கம் நான். டேஷ்போர்டில் ஒட்டிய பிளாஸ்டிக் பிள்ளையாரையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. காரும் வந்து ஒன்பது நாள்தான்.

நந்தி மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். 2004 ஜூலை, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி.

புதுக் கார் வாங்க மாமாவால் முடியாது. ஸ்கூட்டரில் மூன்று பேர் போவது அவருக்கு அவமானமாக இருந்தது. "டாக்டர் ஓட்டின வண்டி சார், ஒரே ஓனர், முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்று புரோக்கர் தனக்கோடி சொன்னதும் அவர் விழுந்துவிட்டார். வெள்ளை டீசல் கார், டிக்கி வைத்தது, நாலு வருஷம் பழசு. பானெட்டைத் திறந்து பார்த்தார். டயரை உதைத்துப் பார்த்தார். ஏசியை முகத்துக்குத் திருப்பிப் பார்த்தார். அல்சூர் ஏரியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், பத்து நிமிஷம். பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்கவில்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் யாரும் அங்கே உட்காருவதில்லை. ஓட்டப் போவது அவர்கள்தானே. அக்காவின் செயின் அடகுக்குப் போனது. கோயில் வாசலில் நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் நசுங்கியது.

அப்போதெல்லாம் நான் அவர்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் கால் சென்டர் வேலைக்குப் போனவன், அதையும் ஏழு மாதம் முன்னால் விட்டுவிட்டேன். ராத்திரி ஷிப்ட் போய்விட்டது, தூக்கம் மட்டும் பகலிலேயே தங்கிவிட்டது. நந்தி மலைக்கு ஏறும்போதும் தூங்கிக்கொண்டுதான் வந்தேன்.

இறங்கும்போது தலையை ஜன்னலுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவிலிருக்கும் தூணில் சாய்த்தேன். தலை அதன் இடத்தைத் தானே தேடிப் போய் உட்கார்ந்தது. நான் சாய்க்கவில்லை. அங்கே ஒரு குழிவு இருப்பதுபோல இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். சாம்பல் நிற பிளாஸ்டிக்கில், உள்ளங்கை அளவுக்கு, எண்ணெய்க் கறை. சீட்டுக்கு உறை புதிது, மிதியடி புதிது, ஸ்டியரிங் உறையும் புதிது. தூணை யாரும் துடைக்கவில்லை. அல்லது துடைத்தும் போகவில்லை.

குடும்பம் ஓட்டிய காரில் அந்தக் கறை வராது. ராத்திரி வேலைக்கு ஆள் ஏற்றும் காரில் வரும். விடியற்காலையில் மூன்று பேரைப் பின்னால் போட்டு வீடு வீடாக இறக்குவார்கள். ஓரத்தில் இருப்பவன் தூணில் சாய்ந்து தூங்குவான். வருஷக்கணக்கில், தேங்காய் எண்ணெய்த் தலையோடு. சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த வண்டிகளையே கான்ட்ராக்டர்கள் வெள்ளை நம்பர் போர்டோடு அதற்கு விட்டார்கள். ஆர்.சி. புத்தகத்தில் எதுவும் இருக்காது.

வெள்ளைக் கார்கள் ஆயிரம் இருக்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு கையைக் கதவின் கைப்பிடித் திண்டுக்கு அடியில் விட்டேன்.

விரலில் கோடுகள் தட்டுப்பட்டன. நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. அடுத்த நாலு, மறுபடி குறுக்கு. ஐடி கார்டின் கிளிப்பால் கீறியவை. சம்பள நாள் வரை மிச்சமிருந்த ராத்திரிகளை எண்ணிக் கீறியவன் நான்தான்.

கையை எடுத்துவிட்டேன்.

இந்த வண்டியை ஓட்டியவர் கோவிந்தப்பா. ஐம்பது வயது, ஆனேக்கல்காரர். முக்கால் மணி நேரம் ஓடியபின் சில நாள் பிரேக் பெடல் அப்படியே கீழே போய்விடும். "பயபடபேடி, பயப்படாதீங்க சார். சூடானா இப்படித்தான். ரெண்டு தடவ விட்டு விட்டு மிதிச்சா மேல வந்துடும்" என்பார். கான்ட்ராக்டரிடம் சொன்னாராம். ஊருக்குள்ளே ஓட்டும்போது ஒன்றும் ஆகாதே என்று அவன் சொன்னானாம். போன டிசம்பரில் ஒரு விடியற்காலை, ஓசூர் ரோட்டில் நின்றிருந்த லாரிக்குப் பின்னால், ரெண்டு தடவை மிதித்தும் பெடல் மேலே வரவில்லை. எனக்கு நெற்றியில் நாலு தையல். கோவிந்தப்பாவின் நெஞ்சை ஸ்டியரிங் உடைத்துவிட்டது. ஆஸ்பத்திரி போகும்வரைகூட உயிர் இல்லை. அன்றோடு நான் வேலைக்குப் போகவில்லை.

அந்தக் காரின் முன்பக்கம் கைக்குட்டையைப் போலக் கசங்கிக் கிடந்ததை நான் பார்த்தேன். இப்போது அதே முன்பக்கத்தில் என் அக்கா உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள்.

"மாமா, கியர் எதுல இருக்கு?"

"எதுலயும் இல்ல. நியூட்ரல்ல விட்டா தானா இறங்குது பாரு. ஒரு சொட்டு டீசல் செலவில்ல."

"கியர்ல போடுங்க மாமா. பிரேக்கு சூடாயிடும்."

"ஏய் வித்யா, உன் தம்பி எனக்கு டிரைவிங் கத்துத் தரான்." கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மச்சான், முதல்ல லைசென்ஸ் எடு. அதுக்கு முன்னாடி ஒரு வேலை எடு. அப்புறம் பேசலாம்."

"அவனை ஏன் கிண்டுறீங்க, ரோட்டைப் பாருங்க" என்றாள் அக்கா.

"நிறுத்துங்க மாமா. கொஞ்சம் ஆறட்டும்."

"என்ன ஆறணும்? பிரியாணியா?"

லாவண்யா சிரித்தாள். ஒவ்வொரு வளைவிலும் மாமா பிரேக்கை அழுத்தியே பிடித்தார். பின்னாலிருந்து எனக்கு அவருடைய முழங்கால் தெரிந்தது. வளைவுக்கு வளைவு அது கொஞ்சம் கூடுதலாக நீண்டது. கருகிய நாற்றம் வந்தது. கிளட்ச் பிளேட் புதுசாக இருக்கும் என்றார் மாமா. நான் லாவண்யாவை என் பக்கம் இழுத்து சீட்டோடு சாய்த்து அமுக்கிக்கொண்டேன். "மாமா விடு, வலிக்குது" என்றாள்.

அடுத்த வளைவில் அவருடைய கால் தரைவரை போயிற்று.

அவர் கத்தவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தார். வண்டி வேகம் எடுத்தது. எதிரே கட்டைச்சுவர், அதற்கு அப்பால் வானம்தான்.

"விட்டு விட்டு மிதிங்க" என்றேன். என் குரல் எனக்கே கோவிந்தப்பாவின் குரல்போல இருந்தது. "காலை முழுசா எடுத்துட்டு மிதிங்க. மறுபடி எடுங்க. மிதிங்க. செகண்ட் கியர் போடுங்க. கைப் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா."

மூன்றாவது மிதியில் ஏதோ கொஞ்சம் பிடித்தது. கியர் அலறிக்கொண்டு விழுந்தது. அவர் மலைப் பக்கமாக ஒடித்தார். இடப்பக்கம் முழுக்க மண்ணிலும் கல்லிலும் தேய்ந்துகொண்டு போய் வண்டி நின்றது. பொரி எல்லார் தலையிலும் இருந்தது. பிள்ளையார் கழன்று அக்காவின் மடியில் கிடந்தார்.

அக்கா திரும்பி லாவண்யாவின் கை, கால், தலை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"விட்டு விட்டு மிதிக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். கறையைக் காட்டினேன். பின்சீட்டுக்கு வரச்சொல்லி, அவர் கையைப் பிடித்துத் திண்டுக்கு அடியில் கோடுகளைத் தொடவைத்தேன். அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

புரோக்கர் தனக்கோடியின் போன் அணைந்தே இருந்தது. அல்சூரில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அப்பாதுரை வண்டியைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"முன்னாடி பூரா வெல்டிங்கு சார். சேசிஸ்ஸே நேரா இல்ல. பிரேக் சிலிண்டர் போச்சு, அதை மாத்தலாம். ஆனா இந்த வண்டிக்குச் செலவு பண்றது வேஸ்ட். மீட்டர்ல முப்பத்தெட்டுன்னு இருக்கா? அதுக்கு முன்னாடி ஒரு ரெண்டைப் போட்டுக்குங்க."

"இப்ப என்ன பண்றது?"

"பழைய பிரேக் ஆயிலைக் கொட்டிட்டுப் புதுசு ஊத்தித் தரேன். ஊருக்குள்ள ஓட்டினா தெரியாது. மலைப்பக்கம் போகாதீங்க. தூரமும் வேணாம்." கொஞ்சம் யோசித்து, "வச்சுக்காதீங்க சார்" என்றார்.

மாமா வைத்துக்கொள்ளவில்லை. இடப்பக்கத்துக்கு பெயின்ட் அடித்தார். பேப்பரில் மூன்று வரி விளம்பரம் கொடுத்தார். குடும்ப உபயோகம், ஒரே ஓனர், முப்பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர்.

வாங்க வருகிறவர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் என்னை ஹாலில் நிற்கவைத்தார்.

"நாளைக்கு நீ கீழ எங்ககூட நில்லு. உள்ள போய் ஒளிஞ்சா சந்தேகம் வரும். கேட்டா, நல்ல வண்டின்னு சொல்லு. வேற எதாவது வாயைத் திறந்த, உன் பெட்டி வாசல்ல இருக்கும். ஆம்பூருக்கு நானே போன் பண்ணி உங்கப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

நான் இன்னும் வேலையில் இருப்பதாகத்தான் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் செயின் இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

டொமினிக்கும் நிக்கோலும் ஞாயிறு பூசை முடிந்து நேராக வந்தார்கள். ஃபிரேசர் டவுன்காரர்கள். அவன் ஏதோ கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், அவள் பள்ளிக்கூட டீச்சர். அவள் தோளில் ஒன்றரை வயதுப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். டொமினிக் பானெட்டைத் திறந்து பார்த்தான். டயரை உதைத்தான். மாமாவோடு ஏரியை ஒரு சுற்று போய்வந்தான், பத்து நிமிஷம். நான் கேட்டருகில் நின்று அந்தப் பத்து நிமிஷத்தை எண்ணினேன். பிரேக் வேலை செய்யும் என்று தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

"சூப்பரா நிக்குது பிரதர்" என்றபடி இறங்கினான் டொமினிக். "அடுத்த வாரமே வேளாங்கண்ணிக்கு எடுத்துட்டுப் போறோம். புள்ளைக்கு மொட்டை போடணும். கிருஷ்ணகிரி, சேலம் வழியாப் போனா எவ்வளவு நேரம் ஆகும்?"

"காலைல கிளம்பினா சாயங்காலம் மாதா காலடில இருக்கலாம்" என்றார் மாமா.

கிருஷ்ணகிரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் இறக்கம் இருக்கிறது. லாரிக்காரர்களே கும்பிட்டுவிட்டு இறங்கும் இடம். இங்கிருந்து மூன்று மணி நேரம் ஓடி, எல்லாம் நன்றாகச் சூடான பிறகுதான் அது வரும்.

நிக்கோல் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். அந்தக் காரை வாங்க வந்தவர்களில் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தவள் அவள்தான். சீட்டை அமுக்கினாள். கண்ணாடியை இறக்கி ஏற்றினாள். பிறகு தூணை உற்றுப் பார்த்து, விரலால் தேய்த்து, விரலை மோந்தாள்.

"டோம்மி, இங்க பாரேன். எண்ணெய். யாரோ தினம் சாஞ்சு சாஞ்சு தூங்கியிருக்காங்க."

மாமா ஒரு நொடி நின்றுவிட்டார். ஒரே ஒரு நொடிதான்.

"இவன்தாம்மா, என் மச்சான். வண்டில ஏறினாலே தூங்கிடுவான். சோம்பேறி. எண்ணெய்த் தலையோட சாயாதடான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்."

டொமினிக் சிரித்தான். நிக்கோல் சிரிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். வகுப்பில் பிள்ளைகளை அப்படிப் பார்ப்பாளாக இருக்கும்.

"நீங்களா?"

முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த வரி வாய்வரை வந்தது. மாமாவின் கை என் முதுகில் இருந்தது. பார்க்கிறவர்களுக்குச் செல்லமாகத் தட்டுவதுபோல இருக்கும். மாடி ஜன்னலில் அக்கா நின்றிருந்தாள். எனக்குப் போவதற்கு வேறு இடமில்லை. அன்று அந்த மலையில் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன், இவ்வளவு சின்ன விஷயத்துக்கு.

"ஆமா" என்றேன். "நான்தான்."

பொய் இல்லை.

"வண்டி எப்படி?" என்று அவள் மறுபடி கேட்டாள்.

"ஏசி நல்லாருக்கும்."

அவள் இன்னும் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தாள். பிறகு தூங்கும் பிள்ளையை மடியில் சரித்துக்கொண்டாள்.

பேசி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. கையெழுத்துகள் போட்டார்கள். லாவண்யா ஓடிவந்து தன் பிள்ளையாரைப் பிய்த்தெடுத்துக்கொண்டு போனாள். டொமினிக் அந்த இடத்தில் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன மாதா சுரூபத்தை எடுத்து நிறுத்திப் பார்த்தான், சரியாக நின்றது. ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டான்.

நிக்கோல் இடப்பக்கப் பின்சீட்டிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். தலையை மெல்லச் சாய்த்தாள். அது அதன் இடத்துக்குப் போய்விட்டது.

மாமா குனிந்து, பின்கதவின் விளிம்பில் இருந்த சின்ன விசையைச் சாவி நுனியால் கீழே தள்ளினார்.

"சைல்ட் லாக் போட்டுட்டேன்மா. உள்ளேருந்து திறக்க முடியாது. குழந்தைக்கு சேஃப்டி."

கதவை இரண்டு கையாலும் பதமாகச் சாத்தினார். டொமினிக் முன்னாலிருந்து பொத்தானை அழுத்த, நாலு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன.