யார் வீட்டுப் பத்தரை

போனை எடுத்ததும் அண்ணன் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"உங்க ஊர்ல இப்ப மணி என்ன?"

அவள் சொல்வாள். அவன் சிரிப்பான்.

"ஆத்தைத் தாண்டினதும் சூரியனுக்கே அவசரம் வந்துடுது பாரு."

நடுவில் ஓடுவது ஓர் ஆறு, அதன் மேல் ஒரு பாலம். அந்தக் கரை பெரிய நாடு, இந்தக் கரை சின்ன நாடு. ஒரு காலத்தில் இரண்டுக்கும் ஒரே ராஜா. அவளுடைய அப்பா பஸ் ஓட்டிய நாளில்கூடப் பாலத்தில் வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. அப்புறம் சின்ன நாட்டில் ஒரு கலகம் வந்தது. உதவிக்கு என்று பெரிய நாட்டுப் படை வந்தது. கலகம் போனது, படை போகவில்லை. அதுவும் ஒருவழியாகப் போன பிறகு சின்ன நாடு புதுக் கொடி, புது நாணயம் என்று ஆரம்பித்து, கடைசியில் கடிகாரத்தையும் அரை மணி முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது.

பெரிய நாடு அந்த மணியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ரயிலும் சுங்கமும் அவர்கள் மணிப்படிதான். இந்தக் கரைக்காரர்கள்தான் மனசுக்குள் அரை மணி கூட்டிக்கொள்வார்கள்.

இந்தக் கரையில் வாழ்க்கைப்பட்ட அவளும் அப்படித்தான். பள்ளிச் சீருடை தைக்கிற கூடத்தில் வேலை. அண்ணன் எட்டு மணிக்குக் கூப்பிடு என்றால் எட்டரைக்குக் கூப்பிடுவாள். லாரிப் பட்டறை வைத்திருந்த புருஷனுக்குத்தான் பொறுக்காது.

"அரை மணி கூட்டிச் சொன்னா உங்கண்ணனுக்கு வாய் வலிக்குமா?"

"பழகிடுச்சு, விடுங்க."

"அதான் சொல்றேன். நமக்கு மட்டும் பழகிடுச்சு."

ஆற்று மணலுக்காகத் தகராறு முற்றி, அந்த வருஷம் பாலத்தின் இரு முனைக் கதவுகளையும் மூடினார்கள். அதற்குப் பிறகுதான் அண்ணன் வீட்டில் அப்பா படுக்கையில் விழுந்தார்.

"எப்படி இருக்கீங்கப்பா?"

"இருக்கேன். உன் பஸ்தான் இன்னும் வரலை."

"கதவைத் திறந்ததும் வந்துடறேன்."

"நான் வண்டி ஓட்டுன பாலம்டி அது. அதுல எனக்கே கதவா?"

அவருக்கு விரல் மடங்கவில்லை என்று அண்ணன் சொல்லியிருந்தான். மிச்சத் துணியில் அவள் பொத்தான் இல்லாமல் ஒரு சட்டை தைத்தாள். முன்னால் நாடா வைத்து இழுத்து விடுவது போல.

படுத்த படுக்கையாக இருப்பவர்களின் உறவினர்கள் பாலத்தின் நடுவில் பார்த்துக்கொள்ளலாம், குடும்பத்துக்கு அரை மணி நேரம் என்று அறிவித்தார்கள். யாருக்கு எப்போது என்பதைப் பெரிய நாட்டு அலுவலகம் அந்தக் கரையில் மனு போட்டவரிடம் மட்டும் சொல்லும். அண்ணன் போன் செய்தான். இரைச்சலுக்கு நடுவே குரல் வந்து வந்து போனது.

"நாளைக்குப் பத்தரை. அப்பாவை வேன்ல கூட்டிட்டு வரேன். அவரு சொன்னாருன்னுதான்…"

"என்ன சொன்னாரு?"

இணைப்பு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டும் கிடைக்கவில்லை.

"உங்கண்ணன் பத்தரைன்னா நமக்குப் பதினொண்ணு" என்றான் புருஷன்.

"ஆமா."

மறுநாள் இருவரும் சீக்கிரமே போய்விட்டார்கள். நேரத்துக்கு முன்னால் கதவருகே வந்தால் காவல்காரர்கள் விரட்டுவார்கள் என்று எல்லோரும் சொல்லியிருந்ததால் சாலை முனை டீக்கடையில் உட்கார்ந்தார்கள். சட்டை அவள் மடியில் இருந்தது.

"எதுக்கும் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

"சும்மா இருங்க. விரட்டுறேன்னு உள்ளதையும் கெடுத்துடப் போறாங்க."

அவன் இன்னொரு டீ சொன்னான்.

பதினொன்றுக்குச் சில நிமிஷம் முன்னால் கதவுக்குப் போனபோது காவல்காரன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"இவ்வளவு நேரம் எங்கம்மா இருந்தீங்க? தொண்டை கிழியக் கூப்பிட்டோம். ஓடுங்க, முடியப் போகுது."

அவள் ஓடினாள். பாலத்தின் நடுவில் யாரும் இல்லை. ஒரு வேன் அந்தக் கரைக் கதவைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த சட்டையைத் தூக்கி ஆட்டினாள். கதவு மூடியது.

மாலையில்தான் போன் கிடைத்தது.

"பத்தரைன்னு சொன்னேனேம்மா."

"உன் பத்தரைன்னு நெனச்சேண்ணே."



"உன் பத்தரைதாம்மா. ஒரு தடவையாவது அவ மணியில சொல்லுடா, அவளையே எத்தனை காலம் கூட்டிக்க வைப்பேன்னு அப்பா திட்டினாரு. அதான் மாத்திச் சொன்னேன்."

"டீக்கடையில உட்கார்ந்திருந்தேண்ணே. அங்கயேதான் இருந்தேன்."

"தெரியும்னுதான் அவரும் சொன்னாரு. இங்கதான் எங்கயோ இருப்பா, வந்துடுவான்னு. கடைசியில நேரமாச்சுன்னு காவல்காரன்தான் வேனைத் தட்டினான்."

சில நாள் கழித்து, விடிகிற நேரத்தில் போன் அடித்தது. அண்ணன் அன்றைக்கு மணி கேட்கவில்லை.

"அப்பா போயிட்டாரும்மா."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"தூக்கத்துலயே போயிட்டாரு. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறோம். கதவு திறக்க மாட்டேன்னுட்டாங்க, கெஞ்சிப் பார்த்துட்டேன். அந்த நேரத்துக்கு அங்கேயிருந்தே கும்பிட்டுக்கோ. நாலுன்னா, உனக்கு நாலரை…"

"வேணாம்ண்ணே" என்றாள். "உன் மணியே சொல்லு. நான் கூட்டிக்கிறேன்."