கப்பலுக்கு ஒரு ஆல்டர்னேட்டர்

மூத்தவள் டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இடது கையைத் தோள்வரை நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு போல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். தம்பி குனிந்து, "என்னக்கா, கிடைச்சுதா?" என்றான். வாயில் டார்ச் இருந்ததால் அவன் பிழைத்தான்.

அந்தக் காருக்கு வீட்டில் கப்பல் என்று பெயர். இருபத்தாறு வருஷத்துக்கு முன் அப்பா ஆசை ஆசையாக வாங்கியது. தோல் சீட், மரம் பதித்த டாஷ்போர்டு, பட்டனைத் தட்டினால் முன்னும் பின்னும் நகரும் இருக்கைகள். அப்பா போனபின் தம்பி ஓட்டுகிறான். ஓடாதபோது, சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கும் மூத்தவள் தலையில் வந்து விழுகிறது. வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர். கப்பலை உருவாக்கிய புண்ணியவான்கள் அதைக் கொண்டுபோய் எஞ்சினின் அடிவயிற்றில் செருகியிருந்தார்கள். விசிறிக்கூட்டைக் கழற்றி, காற்றுக்குழாயைக் கழற்றி, முட்டியில் ரெண்டு இடத்தில் தோலையும் உரித்துக்கொண்டால்தான் அதைத் தொடவே முடியும்.

வேறு சமயமாக இருந்தால் போய்த் தொலை என்று விட்டிருப்பாள். நாளை காலை பத்து மணிக்கு அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். இடது முழங்காலில் ஆபரேஷன். ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. தவறினால் அடுத்தது எப்போது என்று ஆஸ்பத்திரிக்கே தெரியாது. நாலு மணி நேரப் பயணம். மடங்காத காலை நீட்டி உட்காரக் கப்பலின் முன்சீட்டை விட்டால் வேறு கதியில்லை. ஆம்புலன்ஸ் என்று பேச்செடுத்தபோது அம்மா ஒரே போடாகப் போட்டாள். "படுக்கப்போட்டுக் கொண்டுபோக நான் என்ன பொணமா?"

வியாழக்கிழமை கப்பல் நடுரோட்டில் நின்றது. வெள்ளிக்கிழமை மூத்தவள் வந்து வேறு பேட்டரி வைத்து, ஸ்டார்ட் செய்து, மீட்டரை வைத்துப் பார்த்தாள். சார்ஜ் ஏறவே இல்லை. ஆல்டர்னேட்டர் போச்சு என்று தீர்ப்பு எழுதிவிட்டாள். புதுசு கிடைக்காது, கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திப் பல வருஷமாகிறது. பழைய கார்களை உடைத்து விற்கும் கடைக்காரர்தான் கைகொடுத்தார்.

"அதே மாடல்தான் மேடம், கண்ணை மூடிட்டு மாட்டுங்க" என்று அவர் அனுப்பிய முதல் உருப்படியைக் கண்ணைத் திறந்துகொண்டும் மாட்ட முடியவில்லை. போல்ட் போடும் காது கட்டைவிரல் அகலம் தள்ளியிருந்தது. சனிக்கிழமை அவளே கடைக்குப் போனாள். மலையாய்க் குவிந்து கிடந்த பாகங்களில் அரை நாள் கிளறி இரண்டாவதை எடுத்தாள். கடைக்காரர் அதை மேஜைமேல் வைத்துச் சுற்றவிட்டு, பதினாலு வோல்ட் வருகிறது என்று காட்டித்தான் கொடுத்தார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மல்லுக்கட்டி மதியம் மூன்று மணிக்கு மாட்டி முடித்தாள். பழைய பெல்ட் தொய்ந்திருந்ததால் புதுசு போட்டாள். தம்பி ஸ்டார்ட் செய்தான். மீட்டரைப் பார்த்தாள். பதினொன்று புள்ளி ஒன்பது. பழைய கதையேதான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அது கோபமாகித் தொலைபேசி வழியாகக் கடைக்காரர் மேல் இறங்கியது.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "மேடம், பதினாலு வோல்ட் நீங்க பாத்துதானே எடுத்தீங்க? குறை பார்ட்ஸ்ல இல்ல. வண்டியில பாருங்க."

போனை விட்டெறியலாம் போலிருந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை என்பதால் இன்னும் எரிச்சல். ஓட்டுநர் சீட்டில் போய் உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினாள். அவள் ஒர்க்ஷாப் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது: முதலில் சாவியைப் போடு, விளக்குகளை எண்ணு. அதைச் செய்யாத வேலையாட்களை வறுத்தெடுத்திருக்கிறாள். சொந்த வீட்டு வண்டிக்கு அது தோன்றவே இல்லை. ஆயில் விளக்கு இருந்தது, பிரேக் விளக்கு இருந்தது. பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மட்டும் இல்லை.

"டேய், இங்க இருந்த பேட்டரி லைட் எங்கடா?"

தம்பி கப்பலின் கூரையைப் பார்த்தான். "அதுவா... பல்பைக் கழட்டிட்டேங்க்கா."

மூத்தவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில், ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும் முதல் துளி மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டே இருக்கும், பேட்டரி தீர்ந்து வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். சாக்குமேல் கிடந்த பழைய ஆல்டர்னேட்டரைப் பார்த்தாள். பாவம், அதற்கும் ஒரு கேடும் இருந்திருக்காது.

"எங்கடா அந்த பல்பு?"

"அம்மாகிட்ட."

கிரீஸ் கையோடு உள்ளே போனாள். அம்மா ஸ்டூலில் காலை நீட்டி, கட்டிவைத்த பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததுமே கண்ணாடிக்கூட்டைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய பல்பை எடுத்து நீட்டினாள்.

"அவனைத் திட்டாதே. நான்தான் கழட்டச் சொன்னேன். ஒரு வாரமா மினுக் மினுக்குன்னு எரிஞ்சுது. நீ பாத்தா வண்டி போகாது, தேதியைத் தள்ளிப் போடுன்னுடுவே. இன்னும் அஞ்சு மாசம் என்னால தாங்க முடியாதுடி."

"பெல்ட் தொய்ஞ்சு போயிருந்துது, அதான்மா மினுக்கிச்சு! அரை மணி நேர வேலை. விளக்கைப் பிடுங்கிட்டா குறை போயிடுமா? மூணு நாளா என் உயிரை வாங்கிட்டீங்களே, ரெண்டு பேரும்!"

பல்பை மாட்டிச் சாவியைத் திருப்பினாள். சிவப்பு எரிந்தது. எஞ்சின் கிளம்பியதும் அணைந்தது. மீட்டரில் பதினாலு புள்ளி ஒன்று. தம்பி கைதட்டப் போனான். அக்காவின் பார்வையைக் கண்டு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் அம்மாவை ஒத்திகைக்காக முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். தம்பி வண்டியைக் கிளப்பினான். சிவப்பு எரிந்து அணைவதை அம்மா கண்கொட்டாமல் பார்த்தாள்.

"அணைஞ்சா நல்லதா?"

"நல்லது. மறுபடி எரிஞ்சா உடனே என்கிட்ட சொல்லணும். மறைக்கக் கூடாது. புரியுதா?" திறந்த கதவருகே நின்று, மூத்தவள் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

அம்மா விளக்கிலிருந்து கண்ணை எடுத்தாள். வலது தொடையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒண்ணு சொல்றேன், கத்தாதே. வலது முட்டியும் வலிக்குது. ஆறு மாசமா. ரெண்டையும் சேத்துப் பாக்கணும்னு தேதியைத் தள்ளிடுவாங்களோன்னு டாக்டர்கிட்ட சொல்லல."

மூத்தவள் கத்தத்தான் வாயைத் திறந்தாள். மூன்று நாள் கத்தல் தொண்டையில் தயாராக நின்றது. தம்பி எதற்கும் இருக்கட்டும் என்று எஞ்சினை அணைத்தான். அவள் கையிலிருந்த கிரீஸைச் சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டு, கதவோரம் மண்டியிட்டு, அம்மாவின் வலது முட்டியில் மெல்லக் கை வைத்தாள்.

"எங்க வலிக்குது, காட்டு" என்றாள்.