இரண்டாவது முட்டை

கெப்ரு செம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான். அஸ்கலேயின் கைகளில் சோப்பு நுரை எப்போதோ போய்விட்டது, விரல்கள் விறைத்தும்விட்டன. அவன் நிறுத்துவதாக இல்லை. கண் வாசலில் இருந்தது.

"போதும்பா. கை கழுவி விடுறியா, குளிப்பாட்டி விடுறியா?"

அவன் திடுக்கிட்டுச் செம்பை நிமிர்த்தினான். "மன்னிச்சுக்குங்க அண்ணி" என்றான். குரல் கரகரத்தது. துண்டையும் அவனே எடுத்து நீட்டினான்.

அவள் கணவன் வொன்டிமுவின் தம்பி இவன். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத ஆள். அண்ணன் வீட்டுக்கு வந்தால் குடிக்கிற தண்ணீர் அவன் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அப்படிப்பட்டவன் இன்று பஸ் நிலையத்துக்கு வந்து நின்றான், அவள் பையைத் தூக்கிக்கொண்டான், "சார்ஜ் போட்டுத் தரேன்" என்று கைபேசியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவர்கள் பேட்டையான கெபெனாவுக்குள் கார் நுழைந்ததும், வீட்டுச் சந்துக்குத் திரும்பாமல் எத்தெனேஷின் சாப்பாட்டுக் கடை முன்னால் நிறுத்தச் சொன்னான். இப்போது மன்னிப்பு வேறு கேட்கிறான்.

"வீடு பக்கத்துலதானே இருக்கு? அங்க போய் சாப்பிட்டுக்கலாமே."

"வீட்டுல இன்னிக்கு அடுப்பு பத்த வைக்கல அண்ணி." சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது. "அதாவது, கேஸ் தீர்ந்துபோச்சு. முதல்ல சாப்பிடுங்க. காலையில கிளம்பினது, பசிக்கும்ல?"

முதலில் சாப்பிடு. காலையிலிருந்து எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். தெப்ரெ பிர்ஹானில் தங்கைக்குப் பிரசவம். கஞ்சி காய்ச்சிக் கொடுக்கப் போயிருந்தவளைத் தங்கையின் கணவன் விடிந்தும் விடியாமலும் எழுப்பினான். "உங்க மாமியாருக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லையாம். பயப்பட ஒண்ணுமில்ல, ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொன்னாங்க" என்றான். அவளுக்கு வர வேண்டிய செய்தி அவனுக்கு ஏன் வந்தது என்று அவள் கேட்கவில்லை. அவன் பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தான், ரொட்டி வாங்கிக் கொடுத்தான். பஸ் நகர்ந்த பிறகும் தலையிலிருந்து கழற்றிய தொப்பியை மாட்டிக்கொள்ளாமல் நின்றான்.

அவர்கள் நாட்டில் யாரும் சாவை வெறும் வயிற்றில் சொல்ல மாட்டார்கள். தெரிந்தவர்கள் எல்லாரும் வாயைக் கட்டிக்கொள்வார்கள். போனது யார் என்று பெயரைச் சொல்ல மாட்டார்கள், அந்த வீட்டில் வயதில் மூத்தவருக்கு உடம்பு சரியில்லை என்று பொதுவாகச் சொல்லி வரவழைப்பார்கள். வந்தவரை உட்கார வைத்து ஊட்டோ ஊட்டென்று ஊட்டுவார்கள். இனி மூன்று நாளைக்கு அந்த வாய் எதையும் தொடாது என்று தெரியும். வயிறு நிறைந்த பிறகு கையைப் பிடித்து வீட்டுக்கு நடத்திப் போவார்கள். சந்து திரும்பினால் சாவுச் சங்கத்தின் கூடாரம் தெரியும். அதற்கப்புறம் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அஸ்கலேக்கு இதெல்லாம் தெரியாதா? பக்கத்து வீட்டுக்காரி ஊரிலிருந்து வந்த அன்று, இதே கடையில், இதே மூலையில், அவள் வாயில் கவளம் கவளமாக உருட்டி வைத்தவளே அஸ்கலேதான். "உன் தம்பிக்குக் காய்ச்சல்தான்டி, வேற ஒண்ணுமில்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அந்தச் சிரிப்பு இப்போது கெப்ருவின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எத்தெனேஷ் தட்டைக் கொண்டு வந்து வைத்தாள். பெரிய தட்டு முழுக்கத் தோசை மாதிரி விரித்த இன்ஜிரா, நடுவே சிவக்கச் சிவக்கக் கோழிக் குழம்பு. அஸ்கலே எதுவும் கேட்கவில்லை, இவளே கொண்டு வந்தாள். குழம்பில் ஒரு தொடை, அதன் பக்கத்தில் ஒரு முட்டை. அதையும் தள்ளி இன்னொரு முட்டை.

அஸ்கலே அந்த இரண்டாவது முட்டையையே பார்த்தாள்.

எத்தெனேஷ் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள். கோழிக் குழம்பு கேட்டால் ஒரு முட்டை வரும், அதுவும் சில நாள் பாதியாக வரும். "உன் கோழி மட்டும் வருஷம் பூரா விரதமா எத்தெனேஷ்?" என்று வொன்டிமு ஒவ்வொரு தடவையும் கடை முழுக்கக் கேட்கும்படி கத்துவான். "உன் மினிபஸ்ஸுல எனக்கு ஒரு நாளாவது ஓசி சவாரி குடுத்திருக்கியா?" என்று இவளும் அடுப்படியிலிருந்து கத்துவாள். அந்த எத்தெனேஷ் இரண்டு முட்டை வைத்திருக்கிறாள். எண்பது தாண்டிப் படுக்கையில் கிடக்கிற மாமியாருக்காக அவள் இரண்டு முட்டை வைக்க மாட்டாள்.

அதுவரை அஸ்கலே மனசுக்குள் 'மரியாளே, அத்தையா இருக்கட்டும்' என்று முணுமுணுத்தபடி வந்தாள். அதில் அவளுக்குக் கூச்சம் இல்லை. கிழவியே தினம் அதைத்தான் வேண்டிக்கொள்கிறாள். இப்போது அந்தக் கயிறும் கையை விட்டு நழுவியது.

"சாப்பிடுடி, ஆறிடப் போகுது" என்றாள் எத்தெனேஷ். பக்கத்தில் உட்கார்ந்து தானே இன்ஜிராவைக் கிழித்து, கறியை வைத்துச் சுருட்டி, அஸ்கலேயின் வாய்க்கு நேரே நீட்டினாள். வாங்கிக்கொள்ள முகத்தைத் திருப்பியபோதுதான் அஸ்கலே அந்தச் சால்வையைக் கவனித்தாள்.

எத்தெனேஷ் வெள்ளைச் சால்வை போர்த்தியிருந்தாள். அதன் வண்ணக் கரை கால் பக்கம் தொங்க வேண்டும், நல்ல நாளில் அப்படித்தான் போர்த்துவார்கள். துக்க வீட்டுக்குப் போகும்போதுதான் புரட்டிப் போட்டுக் கரையைக் கழுத்தோடு சுற்றிக்கொள்வார்கள். எத்தெனேஷின் சால்வைக் கரை அவள் தாடைக்குக் கீழே பச்சையும் மஞ்சளுமாகச் சுற்றியிருந்தது. கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவள், இவள் வருகிறாள் என்றதும் ஓடி வந்து அடுப்பை மூட்டியிருக்கிறாள். சால்வையை மாற்ற மறந்துவிட்டாள்.

அஸ்கலே வாயிலிருந்த கவளத்தை விழுங்கினாள். கேட்டால் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் அது நடந்ததாகிவிடும்.

"எத்தெனேஷ், சால்வையை மாத்திப் போட்டிருக்க பாரு" என்றாள்.

எத்தெனேஷின் கை கழுத்துக்குப் போனது. கெப்ரு தலையைக் குனிந்துகொண்டான். அடுப்படியில் ஏதோ கொதித்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அவசரத்துல போட்டுட்டேன்டி. கண்ணே தெரிய மாட்டேங்குது" என்று எத்தெனேஷ் எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு சால்வையைப் புரட்டிப் போர்த்தினாள். திரும்பி வர அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

போனது மாமியார் இல்லையென்றால் மிச்சம் இரண்டு பேர். ஒன்று வொன்டிமு. இன்னொன்று ஹிவோட். அவளுடைய ஒரே பெண், கல்லூரிக்குத் தினமும் அந்தப் பாழாய்ப்போன பெரிய ரோட்டைக் கடந்து போகிறவள், கடக்கும்போதும் கைபேசியைப் பார்த்துக்கொண்டே போகிறவள்.

அஸ்கலே நிமிர்ந்து, மிகச் சாதாரணமாகச் சொன்னாள்: "கெப்ரு, உங்கண்ணனுக்கு இதுல ஒரு பொட்டலம் கட்டச் சொல்லு. மத்தியானம் எதையாவது அரைகுறையாத் தின்னுருப்பார்."

"கட்டலாம் அண்ணி."

"ஹிவோட்டுக்கும் ஒண்ணு."

"அதுக்கென்ன, கட்டலாம்."

இரண்டு பதிலும் ஒரே மாதிரி இருந்தன. அவன் முகத்தைக் கண்ணாலேயே தடவித் தடவிப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. ஆயுளில் ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத பயல், இன்றைக்குப் பார்த்துத் தேர்ந்துவிட்டான்.

சாப்பாட்டை நிறுத்தினால் எழுந்திருக்கச் சொல்வார்கள். எழுந்தால் சந்து. சந்து திரும்பினால் கூடாரம். ஆகவே அஸ்கலே சாப்பிட்டாள். தொடையைத் தின்றாள், முட்டையைத் தின்றாள், இரண்டாவது முட்டையையும் தின்றாள். இன்ஜிரா தீர்ந்ததும் இன்னொன்று கேட்டாள். சாப்பிடுகிற வரைக்கும் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

வாசலில் நிழல் விழுந்தது. சாவுச் சங்கத்துப் பெரியவர் நெகாஷ் கைத்தடியோடு உள்ளே வந்தார். "வந்துட்டியாம்மா? பிரயாணம் சுகமா? தங்கச்சி, குழந்தை எல்லாம் சுகமா?" என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு கெப்ருவின் காதோரம் குனிந்து மெல்லப் பேசினார். கோயில், குருமார் என்ற இரண்டு சொற்கள் மட்டும் அஸ்கலேக்குக் கேட்டன. அடக்கத்துக்கு நேரமாகிறது. அவளுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

"அண்ணி, போதும்னா கிளம்பலாமா?"

"ஷீரோ சாப்பிடாம எத்தெனேஷ் கடையை விட்டு எவ போவா? ஒரு சட்டி போடு எத்தெனேஷ்."

எத்தெனேஷ் நெகாஷைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். கடலைமாவில் கிளறிய ஷீரோ மண்சட்டியில் தளதளவென்று கொதிக்கக் கொதிக்க வந்தது. நாக்கு பொத்துப்போகிற சூட்டில் அஸ்கலே அதையும் அள்ளித் தின்றாள். வயிறு முட்டி மூச்சு வாங்கியது. நெற்றியில் வியர்வை வழிந்தது. தின்று செத்தாலும் சரி, அந்தச் சந்துக்குள் நடக்க மாட்டேன் என்று இருந்தது அவளுக்கு.

"காபி?" என்றாள்.

"வீட்டுல போய்..." என்று கெப்ரு ஆரம்பித்தான்.

"பச்சைக் கொட்டையை எடுத்து வறுக்கச் சொல்லு. முறைப்படி ஊதுபத்தி வை, தரையில புல்லு பரப்பு. மூணு சுத்தும் குடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஊருக்குப் போயிட்டு வந்தவளுக்கு ஒரு காபி கிடையாதா இந்தத் தெருவுல?" குரல் அவளையும் மீறிக் கீச்சிட்டது.

நெகாஷ் பெருமூச்சு விட்டார். "போடும்மா எத்தெனேஷ்" என்றார். கொட்டை சட்டியில் பொரியும் சத்தம் எழுந்தது. புகை கடை முழுக்கப் பரவியது. அந்தப் புகைக்குள் உட்கார்ந்து அஸ்கலே கடைசியாக ஒன்று வேண்டிக்கொண்டாள். வேண்டக் கூடாது என்று தெரிந்தும் வேண்டிக்கொண்டாள். 'அவரை எடுத்துக்கோ தாயே. அவளை விட்டுடு.'

வேண்டி முடித்ததும் உடம்பெல்லாம் கூசியது. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். போகிற வழியில் நெரிசலில் நின்றாலும் ஜன்னல் வழியாக அவளுக்கு வாழைப்பழம் வாங்கி வருகிறவன். அவனைச் சந்தையில் ஆட்டைத் தள்ளுவது போல முன்னால் தள்ளிவிட்டாள். ஆனாலும் திருப்பி வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. இன்னொரு தடவை அதையே வேண்டினாள்.

முதல் சுற்றுக் காபி கிண்ணத்தில் விழுந்தபோது வாசல் திரையை யாரோ விலக்கினார்கள்.

"உன்னை யாரு இங்க வரச் சொன்னது?" என்று கெப்ரு எழுந்தான்.

ஹிவோட் நின்றிருந்தாள். கறுப்பு உடை. தலைமுடி கலைந்து, கன்னம் வீங்கி, காலில் ஜோடி மாறிய செருப்புகளோடு நின்றிருந்தாள். இரண்டு கால், இரண்டு கை, மூச்சு வாங்குகிற நெஞ்சு. முழுசாக நின்றிருந்தாள்.

அஸ்கலேயின் நெஞ்சுக்குள் முதலில் எழுந்தது சந்தோஷம். வெட்கமில்லாத, கொள்ளாத சந்தோஷம். என் பெண் இருக்கிறாள். இருக்கிறாள், இருக்கிறாள்.

"அம்மா..." என்றாள் ஹிவோட். பெரியவர்களைப் பார்த்தாள். சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள் போல. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பாட்டிக்கு எப்படிடி இருக்கு?"

ஹிவோட் சித்தப்பாவைப் பார்த்தாள். அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். அவளுக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை, வயசும் இல்லை.

"பாட்டிக்கு ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. தட்டின் ஓரத்தில் மீந்திருந்த குழம்பில் எண்ணெய் உறைந்து ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது. எத்தெனேஷ் சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படி நிலையில் சாய்ந்தாள். அவள் அலறினால் கூடச் சேர்ந்து அலறத் தயாராக எல்லோரும் அஸ்கலேயின் வாயையே பார்த்தார்கள்.

அஸ்கலே பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"வா. இப்படி உட்காரு."

"அம்மா, நேரமாகுது, எல்லாரும் அங்க..."

"நேத்திலிருந்து நீ ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட. உட்காருன்னு சொல்றேன்ல."

ஹிவோட் உட்கார்ந்தாள். அஸ்கலே இன்ஜிராவைக் கிழித்து, மீந்த கறியைப் பிய்த்து வைத்து, ஒழுகாமல் சுருட்டி, பெண்ணின் வாய்க்கு நேரே நீட்டினாள். பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"நல்லா மென்னு முழுங்கு" என்றாள் அஸ்கலே. அடுத்த கவளத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

நெகாஷ் வாசலுக்குப் போய்த் திரையை விலக்கி, வெளியே வெயிலில் நின்றவர்களைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினார்.